யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே

காந்தி நகர், அடையாறு
6 ஜனவரி 2025

அன்புள்ள கெசியாவுக்கு,

தோத்திரம். ஹெப்சிபா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் படியேறும்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன்.

இது வேலை விஷயமான கடிதம். பக்கத்து வீட்டுக்கு ஒரு நிக்காஹ் பத்திரிகை வந்தது. அடியில் பொடி எழுத்தில் 'உபைத் பிரிண்டர்ஸ், கச்சேரி ரோடு, மயிலாப்பூர்' என்று இருந்தது. உன் வீட்டுக்காரர் கடை என்று தெரிந்தது. போன் நம்பரும் இருந்தது. ஆனால் நான் கேட்கவிருப்பது எழுத்தைப் பற்றி, அதனால் எழுத்தில் கேட்பதுதான் சரி.

கல்லூரியில் பதினெட்டு வருஷமாக எபிரேயம் நடத்துகிறேன் அல்லவா, இப்போது சபைப் பெண்கள் ஐக்கியத்துக்காகத் தமிழில் ஒரு வேதபாடப் புத்தகம் எழுதுகிறேன். எபிரேயருக்குத் தனியாக இலக்கம் கிடையாது. எழுத்தேதான் எண். 119ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத், கிமெல் என்று அர்த்தம் தெரியாமல் ஒப்பித்தோமே, அந்த எழுத்துகள்தான். ஆலெப் ஒன்று, பேத் இரண்டு. பத்துக்குப் பிறகு பத்துப் பத்தாக, நூறுக்குப் பிறகு நூறு நூறாக ஏறி, கடைசி எழுத்து நானூறு. நம் பழைய ஓலையில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று இருந்ததுபோல. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் அந்தச் சொல்லுக்கு ஓர் எண் வரும். ஒரே எண் வருகிற இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வசனத்தைத் தியானிப்பது யூத ரபீமாரின் வழக்கம். இது ஜோசியம் இல்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் வரும் என்று தி.நகரில் போர்டு மாட்டியிருக்கிறார்களே, அதுவும் இல்லை.

அரபியிலும் இதே கணக்கு உண்டென்று படித்திருக்கிறேன். ஆட்டோ முகப்பில் 786 என்று எழுதுகிறார்களே, அது இதன் வழிதானா? எழுத்துகளின் மதிப்பு ஒன்றுதானா? எபிரேயப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் எழுதச் சொல். மே மாதம் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும்.

வேறு விசேஷமில்லை.

கர்த்தருக்குள்,
ஹெப்சிபா


மயிலாப்பூர்
27 ஜனவரி 2025

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நான், உபைத், மகள் ஜோயா மூவரும் நலம். ஜோயா ஒன்பதாவது படிக்கிறாள். நீங்கள் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அலிஃப் ஒன்று, பே இரண்டு, ஜீம் மூன்று, தால் நான்கு. உங்கள் வரிசைதான். நானூறு வரைக்கும் மதிப்பு ஒன்றும் மாறவில்லை. அதன் மேல் அரபியில் ஆறு எழுத்து அதிகம், ஆயிரம் வரை போகும். உபைத் உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரே வீட்டுப் புள்ளைங்க, தனித்தனியா குடித்தனம் போயிருக்காங்க, அவ்ளோதான்" என்றார். 786 என்பது பிஸ்மில்லாவின் எழுத்துகளைக் கூட்டினால் வருவது. அவருடைய அப்பா கடைசிவரை அதைப் பத்திரிகையில் போடவில்லையாம். "எழுதுனா முழுசா எழுது, இல்லாட்டி விட்டுடு" என்பாராம். கல்யாணம் நடக்கும் வருஷம் கூட்டுத்தொகையாக வருகிற மாதிரி அழகாக ஒரு வரி கட்டிக் கொடுப்பாராம்.

உபைத் எழுதித் தந்த முழுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை இல்லை. பதினாறு வருஷம் கழித்து வருகிற கடிதம் 786 பற்றி இருந்ததால், நான்கு நாள் வேறு ஏதாவது பக்கம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினேன்.

இப்படிக்கு,
கெசியா


காந்தி நகர், அடையாறு
1 பிப்ரவரி 2025

அன்புள்ள கெசியாவுக்கு,

சுகம். நீங்கள் மூவரும் சுகம் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். ஜோயாவுக்கு என் அன்பு. என்னை எதற்கு 'நீங்கள்' போடுகிறாய்? நான் உனக்கு வாத்தியாரா?

பட்டியல் அற்புதம். உன் வீட்டுக்காரரின் கையெழுத்துக்கே ஒரு அத்தியாயம் எழுதலாம். அவர் சொன்ன 'ஒரே வீட்டுப் பிள்ளைகளை' அவர் பெயரோடு போட்டுக்கொள்கிறேன், அனுமதி கேள்.

உனக்கு ஒன்று காட்டுகிறேன். எபிரேயத்தில் அன்பு என்ற சொல்லைக் கூட்டினால் பதின்மூன்று. ஒன்று, ஏகம் என்ற சொல்லைக் கூட்டினாலும் பதின்மூன்று. இரண்டையும் சேர்த்தால் இருபத்தாறு, அது கர்த்தருடைய நாமத்தின் எண். கணக்கில் இருக்கிற இந்த அழகை யாரும் மறுக்க முடியாது.

மூன்றாம் அத்தியாயத்தை இத்துடன் அனுப்புகிறேன். மத்தேயு முதல் அதிகாரம், வம்ச வரலாறு. ஆபிரகாமிலிருந்து தாவீது வரை பதினான்கு தலைமுறை, சிறையிருப்பு வரை பதினான்கு, கிறிஸ்து வரை பதினான்கு. ஏன் பதினான்கு? தாவீது என்ற பெயரைக் கூட்டிப் பார்: நாலு, ஆறு, நாலு. இவர் தாவீதின் குமாரன் என்பதை மத்தேயு எண்ணாலேயே சொல்லிவிடுகிறார். அந்த எண் சரியாக வருவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று ராஜாக்களை விட்டிருக்கிறார்: அகசியா, யோவாஸ், அமத்சியா. இது பொய்யில்லை. அந்நாள் வாசகர்களுக்கு அந்த மூன்று பேரும் தெரியும். தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை.

எபிரேய எழுத்தைத் தமிழோடு சேர்த்து அச்சுக்குக் கோக்க இங்கே ஆளில்லை. உன் வீட்டுக்காரர் செய்வாரா?

அன்புடன்,
ஹெப்சிபா


மயிலாப்பூர்
19 பிப்ரவரி 2025

அக்கா அவர்களுக்கு,

இங்கே யாவரும் நலம். உங்கள் முழங்கால் பற்றி நீங்கள் இம்முறை ஒன்றும் எழுதவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உபைத் கோத்துத் தருகிறேன் என்றார். எபிரேயம் அவருக்குப் படிக்கத் தெரியாது, உருவத்தைப் பார்த்துக் கோப்பார். அனுமதியும் தந்தார். ஒரு தகவல்: அரபியில் தாவூத் என்று எழுதினால் நடுவில் ஓர் அலிஃப் வரும், கூட்டினால் பதினைந்து. மத்தேயு அரபியில் எழுதியிருந்தால் இன்னும் மூன்று பேருக்கு இடம் கிடைத்திருக்கும் என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தை ஜோயா சத்தமாக வாசித்தாள். முடித்துவிட்டு, "அம்மா, அந்த மூணு ராஜாவும் என்ன தப்பு பண்ணாங்க?" என்றாள். "ஒண்ணும் இல்ல. கணக்கு சரியா வரணும்னு விட்டுட்டாங்க" என்றேன். "அவங்க பிள்ளைங்க கேக்கலியா?" என்றாள்.

அப்பா போன மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரியும். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பழைய பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். அதற்கடுத்த வருஷம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கறுப்புக் கல். நல்ல கல். 'ம. துரைராஜ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' என்று இருந்தது. அதன் கீழே 'அன்பு மகள் ஹெப்சிபா' என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு வசனம். நடுவில் எதுவும் இல்லை.

தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் தெருவில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்தான். கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தது யார்?

இப்படிக்கு,
கெசியா


காந்தி நகர், அடையாறு
10 மார்ச் 2025

அன்புள்ள கெசியாவுக்கு,

சுகம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. முழங்காலுக்குத் தைலம் போடுகிறேன். ஜோயாவுக்குப் பரீட்சை நெருங்குமே, நன்றாகச் செய்ய ஜெபிக்கிறேன்.

நான்காம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தட்டச்சு, எபிரேயச் சொற்களைக் கையால் எழுதியிருக்கிறேன். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்ப்பம் என்ற சொல்லுக்கு எண் 358. மேசியா என்ற சொல்லுக்கும் 358. வனாந்தரத்தில் மோசே வெண்கலச் சர்ப்பத்தை உயர்த்தினதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மெய்சிலிர்க்கும். எண் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பாவின் விருப்பம் எப்படியோ அப்படியே செய்தேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் நன்றி.

அன்புடன்,
ஹெப்சிபா


மயிலாப்பூர்
19 மார்ச் 2025

அக்கா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். உபைதும் ஜோயாவும் ரமலான் நோன்பு. எனக்கு லெந்து கால உபவாசம். கல்யாணத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சர்ச்சுக்குப் போகிறேன், உபைத்தான் வண்டியில் கொண்டுவிடுவார். இந்த மாதம் எங்கள் அடுப்புக்குப் பகலெல்லாம் ஓய்வு.

இரண்டு விஷயம்.

ஒன்று. மூன்றாம் அத்தியாயத்தில் கடைசிப் பட்டியலும் பதினான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜோயா எண்ணினாள், பதின்மூன்று. உபைத் எண்ணினார், பதின்மூன்று. நான் பைபிளை எடுத்துச் சலாத்தியேலில் தொடங்கி இயேசு வரை மூன்று தரம் விரல் மடக்கினேன். பதின்மூன்றுதான். பதினெட்டு வருஷம் எபிரேயம் நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

இரண்டு. அப்பாவின் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன வார்த்தை சொன்னார், எப்போது சொன்னார் என்று எழுதுங்கள். அவர் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். எனக்கு அவர் பேச்சு மறக்கவில்லை, கண்டுபிடித்துவிடுவேன்.

கெசியா


காந்தி நகர், அடையாறு
19 ஏப்ரல் 2025

அன்புள்ள கெசியாவுக்கு,

நேற்று பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இந்த ஒரு மாதத்தில் உனக்கு ஐந்து கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். இது ஆறாவது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி வேறு எழுதப் போவதில்லை.

பதின்மூன்று என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாடத்தை நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். எகொனியாவை இரண்டு தரம் எண்ணு, மரியாளைச் சேர்த்து எண்ணு என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்வார்கள். எந்தச் சமாதானமும் முழுசாக ஒட்டாது. ஐக்கியத்துப் பெண்களைக் குழப்புவானேன் என்று பதினான்கு என்றே எழுதிவிட்டேன். என்னை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்கிற தைரியம்.

அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். 2019, டிசம்பர். அப்போது நினைவு நன்றாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஏட்டி ஹெப்சி, சின்னவளுக்கு ஒரு கடுதாசி போடு. வரச் சொல்லு. அந்தப் பையனையும் கூட்டிட்டு வரட்டும்" என்றார். சரிப்பா என்றேன். பத்து நாள் கழித்து, "எழுதிட்டியா?" என்றார். எழுதிட்டேன் என்றேன். எழுதவில்லை. "பதில் வந்துச்சா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார். இல்லப்பா, இல்லப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. அவர் கேட்பதை நிறுத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பாய். நீ போன மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு வந்த இரண்டு வரனை, அப்பாவை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்தேன். அவர் கடைசி மூன்று வருஷமும் என்னைக் கூப்பிட்டது உன் பெயரைச் சொல்லி. காப்பி கொண்டுபோனால், "கெசியா வந்தியா?" முதுகு துடைத்துவிட்டால், "கெசியா, மெதுவா." நான் ஹெப்சிப்பா, நான் ஹெப்சி என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். அவர் பயந்துபோய், ஹெப்சியா, அவ ஸ்கூலுக்குப் போயிருக்கால்லா என்பார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். கெசியா என்றால் ஏன்ப்பா என்று போய் நிற்பேன். உடம்பு என்னுடையது, பெயர் உன்னுடையது.

அடக்கம் முடிந்து கல்லுக்குச் சொல்லச் சைதாப்பேட்டைப் பட்டறைக்குப் போனேன். சுயம்புலிங்கம் என்று பெயர், வயதானவர். காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, "பிள்ளைங்க எத்தனைம்மா?" என்று கேட்டார். ஒண்ணுதான் என்றேன். அந்தப் பெயரை மூன்று வருஷம் கேட்டாயிற்று, கல்லிலாவது நான் தனியாக இருக்கிறேன் என்று தோன்றியது. யோசித்துத்தான் சொன்னேன். துக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

786 பற்றி எழுதினேனே, அது நிஜமாகவே புத்தகத்துக்குத் தேவைதான். ஆனால் அரபி தெரிந்தவர்கள் எங்கள் கல்லூரியிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நீ சரி என்றால் கல்லில் உன் பெயரை வெட்டச் சொல்கிறேன். மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. முதலில் நீ இதைப் படி.

ஹெப்சிபா


மயிலாப்பூர்
12 மே 2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஸலாம். உபைத் எழுதறேன். இங்க எல்லாரும் அல்லாஹ் கிருபையில சுகம். உங்க முட்டி இப்போ எப்படி கீது? எழுத்துத் தமிழ் நமக்கு அவ்ளோ வராது. பேசற மாதிரியே எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கெசியா உங்க லெட்டரப் படிச்சிட்டா. கேஸ் புக்கு வைக்கிற டப்பாவுல வெச்சிருக்கா. அதப்பத்திப் பேசறதில்ல. நான் கேக்கவும் இல்ல. நான் லெட்டர் போடறேன்னு சொன்னேன், "கணக்கப் பத்தி மட்டும் எழுது"ன்னா. அதனால கணக்கப் பத்தி எழுதறேன்.

நாலாவது அத்தியாயம் கோத்துட்டேன். ஆனா ஒரு எடத்துல கணக்கு இடிக்குது. 'ஒன்று'ன்ற சொல்லுக்குப் பதின்மூணுன்னு போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்தப் பாத்து அப்படியே கோத்துட்டு, பட்டியல வெச்சிக் கூட்டிப் பாத்தா இருநூத்தி ஒன்பது வருது. மூணு தபா பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சிது. கடைசி எழுத்து, நாலு மதிப்பு வர்றதுக்கு, மேல வலது பக்கம் ஒரு மூலை நீட்டிக்கினு இருக்கணும். நீங்க எழுதினதுல அந்த மூலை மழுங்கிப் போயிருக்கு. மழுங்குனா அது வேற எழுத்தாம், அதுக்கு இருநூறு. நான் மூலைய வெச்சே கோத்துட்டேன். சரியான்னு சொல்லுங்க. அந்த மழுங்குன எழுத்தோட படிச்சா என்னா அர்த்தம் வரும்னு ஜோயா கேக்கறா.

கணக்கு முடிஞ்சிது. இது என் சொந்தப் பேச்சு: அவ எழுதுவா. உப்பு போட்டாளா இல்லியான்னு தெரியாம ரெண்டு தபா போடறா இப்பல்லாம். ஒரு நாள் போடவே இல்ல. நானும் ஜோயாவும் அப்படியே சாப்பிட்டுட்டோம்.

துஆவுடன்,
உபைத்


மயிலாப்பூர்
2 ஜூன் 2025

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உபைதுக்கு நீ எழுதின பதிலைப் பார்த்தேன். அந்த மூலை மழுங்கினால் 'ஒன்று' போய் 'அந்நியன்' என்று அர்த்தம் மாறிவிடும், அதனால்தான் வேதச் சுருளில் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். தப்பு என்னுடையதுதான் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறாய். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பேனா எடுக்க வந்தது.

உன் பெரிய வெள்ளிக் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் இருந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. அப்பா ஒவ்வொரு வாரமும் பதில் வந்ததா என்று கேட்டாரே, அதை என்னால் ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆற்ற முடியாது என்றும் தெரிகிறது. அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் நானும் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2021 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே வந்தேன். உபைதுக்குக்கூட அப்போது தெரியாது. அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று கேள்விப்பட்டு, வந்துவிடுவது என்று முடிவு பண்ணி, பாலம் தாண்டி ஆட்டோவில் வந்தேன். கேட் திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. உள்ளே அப்பா, "ஏட்டி கெசியா" என்றார். என்னைத்தான் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டேன், அக்கா. அதற்குள் உன் குரல் கேட்டது: "இந்தா வந்துட்டேன்ப்பா." அவர், "எங்கட்டி போன?" என்றார். "எங்கயும் போகலப்பா, இங்கதான் இருக்கேன்" என்றாய்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். என் பெயரையும் எடுத்துக்கொண்டாள், இனி எனக்கு இங்கே என்ன என்று நினைத்தேன். நாலு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னை விட்டதற்கு நானும் உன்னைத் திருடி என்று மனதில் எழுதி வைத்திருந்தேன். அன்று நான் உள்ளே வந்திருக்கலாம். கேட்டிலிருந்து கதவுக்குப் பத்தடி. உன்னால் மட்டும் நான் அப்பாவைப் பார்க்காமல் போகவில்லை.

இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். அவர் கெசியா என்று கூப்பிட்டபோதெல்லாம் ஒரு கெசியா வந்தாள். காப்பி கொடுத்தாள், முதுகு துடைத்தாள். அவர் என்னைக் காணாமல் போகவில்லை. அது நீ செய்தது. பொறாமையோடுதான் செய்தாய் என்று உன் கடிதமே சொல்கிறது. இருக்கட்டும். செய்தாய்.

கல்லைப் பற்றி. பெயர் வெட்டுவதெல்லாம் எதற்கு என்று பெருந்தன்மையாகச் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டும். வெட்டச் சொல்.

கெசியா

ஜோயா பத்தாவது போய்விட்டாள். கணக்கில் தொண்ணூற்றாறு.


காந்தி நகர், அடையாறு
19 ஜூன் 2025

என் அன்புத் தங்கை கெசியாவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. பதினெட்டு வருஷத்தில் காரணம் சொல்லாமல் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது. ஜோயாவுக்கு முத்தம். மற்ற நான்கு மதிப்பெண் எங்கே போனது என்று நான் கேட்டதாகச் சொல்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை சைதாப்பேட்டைக்குப் போனேன். சுயம்புலிங்கம் ஐயா பட்டறையிலேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னொரு மகள் பேரையும் சேர்க்கணும்" என்றேன்.

"அன்னிக்கு ஒண்ணுதான்னு சொன்னீங்களேம்மா?"

"பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பழைய நோட்டில் அந்த வரைபடத்தைத் தேடி எடுத்தார். "கீழ இடமில்ல. வசனம் வந்துடுச்சு. 'மகள்'ங்கறத 'மகள்கள்'னு ஆக்கணும்னா அந்த வரியை முழுசாத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் புதுசா வெட்ட முடியும். உங்க பேரும் போயித்தான் வரும். பரவால்லியா?" என்றார்.

"போகட்டும்" என்றேன்.

அடுத்து கல்லறைத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். வாசகத்தை மாற்றுவதற்கு எல்லாப் பிள்ளைகளும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கிளார்க் படிவத்தை எடுத்துக்கொண்டு, "மொத்தம் எத்தனை பேரு?" என்றார்.

"ரெண்டு."

"இன்னொருத்தர் வெளிநாட்டுல இருக்காங்களா? அப்படின்னா அத்தாட்சி வாங்கி அனுப்பணும், ஆறு மாசம் ஆகும்."

"இல்ல. மயிலாப்பூர்ல இருக்கா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் என்னம்மா? ஒரு ஆட்டோ பிடிச்சு வரச் சொல்லுங்க" என்றார். அதைவிடச் சரியான தீர்ப்பை நான் எந்த ரபீயிடமும் படித்ததில்லை.

ஒரே ஒரு சிக்கல். நீ அவருடைய மகள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். "கல்யாணம் ஆனவங்கன்னா கார்டுல எல்லாம் வீட்டுக்காரர் பேரு வந்திருக்கும். பழைய ஸ்கூல் சர்டிபிகேட் இருந்தா எடுத்தாரச் சொல்லுங்க" என்றார். உன் பள்ளிச் சான்றிதழ்களை நீ போகும்போது எடுத்துப்போகவில்லையே என்று அலமாரி, பரண், அப்பாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. நம் பழைய போதகரிடம் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குக் கேட்டிருக்கிறேன். எப்படியும் வாங்கிவிடுவேன், நீ கவலைப்படாதே. ஜூலை முதல் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். உன்னால் முடியுமா?

புத்தகம் தாமதமாகும் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். உபைதுக்கு என் அன்பு. இனி அவரை உன் வீட்டுக்காரர் என்று எழுதமாட்டேன்.

உன் அக்கா,
ஹெப்சி


மயிலாப்பூர்
23 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். நேற்று உப்பு சரியாக இருந்தது என்று உபைத் உனக்கு எழுதச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். உபைத் கடையை மூடிவிட்டு வருகிறார். ஜோயா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டாள், தன் பெரியம்மாவைப் பார்க்க அவளே முடிவு பண்ணிவிட்டாள். அவள் உன்னிடம் நிறையக் கேள்வி கேட்பாள், இப்போதே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். வேலை முடிந்ததும் எல்லாரும் நேராக இங்கே வருகிறோம், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். மாடிதான், இருபத்திரண்டு படி. உபைதைப் பிடித்துக்கொண்டு ஏறு.

போதகரைத் தொந்தரவு பண்ணாதே. பள்ளிச் சான்றிதழும் வேண்டாம், ஞானஸ்நானப் பதிவேடும் வேண்டாம். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணத்தன்று பெயரை எப்படி எழுதட்டும் என்று கேட்டார்கள். இருக்கிறபடியே எழுதுங்கள் என்று நானும் சொன்னேன், உபைதும் சொன்னார். ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டர் அட்டை, பேங்க் புத்தகம், ஜோயாவின் பள்ளியில் நான் போடுகிற கையெழுத்து என்று எல்லாவற்றிலும் அப்பாவின் எழுத்து என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் அதை எடுக்கவில்லை. நான்கையும் கொண்டுவருகிறேன். கிளார்க் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
து. கெசியா